அட்டைப்படத்தில் விட்டுப்போன பஸ் கம்பி

மண்டி மொஹல்லா,
மைசூரு.
மார்ச் 14

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தார் அனைவரும் ஆளுக்கொரு நாற்காலியோடும் குறையாத உடல்நலத்தோடும் இருக்க வேண்டுமென்று மாதேசுவரசாமியை வேண்டிக்கொண்டு, மைசூரிலிருந்து பழனாத்தாள் எழுதிக்கொள்வது. தங்கள் மாத இதழை நான் இருபது ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறேன். சந்தா கட்டியவள் அல்ல. என் கணவர் ஜடையன் இங்கே பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார்; ஆகவே தங்கள் கருத்துகள் எனக்குச் சில மாதம் தாமதமாகவும் கட்டுக்கட்டாகவும் வந்து சேரும். தாமதத்தால் எதுவும் கெட்டுப்போனதாகத் தோன்றியதில்லை. பெண்கள் நிலையைப் பற்றித் தாங்கள் எழுதுவது பத்து வருடம் கழித்துப் படித்தாலும் அன்று காலையில் எழுதியது போலவே இருக்கிறது.

பிப்ரவரி இதழை மட்டும் புதிதாகவே வாங்கினோம். ஆலையில் எங்கள் லைனில் இருப்பவர்களெல்லாம் சேர்ந்து பதினொரு பிரதி. ஏனென்றால் அதன் அட்டையில் இருப்பது எங்கள் பூங்குழலி. அவள் கையில் ஒரு கம்பி இருந்தது. தங்கள் ஓவியர் அதை அழித்துவிட்டார். அந்தக் கம்பி வருகிற இருபத்தைந்தாம் தேதிக்குள் எங்களுக்குத் திரும்ப வேண்டும். இக்கடிதம் அதற்காகத்தான்.

நான் நஞ்சன்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் ஆலையில் செக்கர். தைத்து முடித்த சட்டை என் மேசைக்கு வரும். காலர், கை, பாக்கெட், பொத்தான் என்று பார்த்து, எங்கே கோணல், எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக நின்றுகொண்டே செய்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் குறை கண்ணுக்குத் தெரியாது என்று ஆலையில் ஒரு நம்பிக்கை உண்டு. பூங்குழலி எனக்கு எதிர் மேசை. ஹனூர்ப் பக்கத்துப் பெண், எனக்குத் தூரத்து உறவு. இப்போது ஏழாம் மாதம். காலையிலிருந்து மாலை வரை நின்றுவிட்டு, ஆலை பஸ்ஸில் மைசூருக்கு ஐம்பது நிமிடம் நின்றே திரும்புகிறோம். பஸ்ஸில் இருக்கை ஐம்பத்திரண்டு, நாங்கள் தொண்ணூற்றொரு பேர். முன்பு இரண்டு பஸ் இருந்தது. போன தீபாவளியின்போது ஒன்று ரிப்பேருக்குப் போனது. இன்னும் அந்த ரிப்பேர் முடியவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு யாரும் இடம் விடமாட்டார்களா என்று தாங்கள் கேட்கலாம். விடுவார்கள். ஆனால் கர்ப்பிணிகளே ஏழு பேர் இருக்கிறார்கள் என்றால், காலில் நரம்பு சுருண்டவர்கள் பத்தொன்பது பேர், கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஆறு பேர், இடுப்புப் போனவர்களை நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். ஆகவே முறைப்பட்டியல் ஒன்று எழுதி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். அதன்படி பூங்குழலிக்கு வாரத்தில் மூன்று நாள் இருக்கை, மூன்று நாள் கம்பி.

இரண்டாவது பஸ் வேண்டுமென்று ஜனவரி இரண்டாவது வாரம் ஆலை கேட்டுக்கு முன்னால் ஒன்றரை நாள் உட்கார்ந்தோம். கேட்பது உட்கார இடம் என்பதால் உட்கார்ந்தே கேட்பதுதான் பொருத்தம் என்று பட்டது. எங்கள் எச்.ஆர். சுசித்ரா மேடம் வெளியே வந்தார். கன்னடக்காரர், ஆனால் எங்களோடு அக்கறையாகத் தமிழில் பேசுவார். "பஸ்ஸுல நிக்கிறோம் நிக்கிறோம்னு சொல்றீங்க. ப்ரூஃப் ஏனு இதே, என்ன இருக்கு சொல்லுங்க?" என்றார். செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினோம். "அய்யோ, இது நீங்களே எழுந்து நிந்து எடுத்த செல்ஃபி அல்லவா? வெளியாள் யாராவது எடுத்தது இருந்தா கொண்டு வாங்க, கண்டிப்பா பார்க்கலாம்" என்றார்.

அன்று பிற்பகலே வெளியாள் வந்தார். தங்கள் இதழின் புகைப்படக்காரர் கவின்ராஜ். தங்கமான பிள்ளை. வந்ததும் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், முகம் வாடிவிட்டது.

"அக்கா, எல்லாரும் கொஞ்சம் எழுந்து கைய ஓங்குங்களேன்."

"ஏனுங்க தம்பி, உக்காரோணும்னுதான நாங்க ரெண்டு நாளாக் கத்தீட்டு இருக்கறோம், நீங்க வந்ததும் எந்திரிக்கச் சொல்றீங்க?" என்றாள் பூங்குழலி.

"உக்காந்திருந்தா அட்டைக்கு ஆகாதுக்கா."

"அப்ப சாயங்காலம் எங்ககூட பஸ்ஸுக்கு வாங்க. எல்லாருமே நின்னுட்டிருப்போம், கையும் தானா மேல போயிரும்."

வந்தார். கூட்டத்துக்குள் எப்படியோ நுழைந்து, கடகோளா வேகத்தடையில் டிரைவர் பிரேக் போட்ட அந்த நொடியில் எடுத்தார். கேமராவிலேயே எங்களுக்குக் காட்டவும் செய்தார். பூங்குழலியின் வலது கை மேல்கம்பியைப் பிடித்திருக்கிறது. இடது கையால் டிபன் பையை வயிற்றுக்கு முன்னால் அணைத்திருக்கிறாள், அடுத்தவர் முழங்கை படாமலிருக்க. பின்னால் முப்பது கைகள் அதே கம்பியில். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது, ஏனென்றால் அவள் அப்போது "மெதுவாப் போங்கண்ணோவ்!" என்று டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதைவிடத் தெளிவான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் இருக்க முடியாது. "இதுதான் அட்டை" என்று கவின்ராஜ் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மறுநாள் பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொண்டு எழுந்துவிட்டோம். வேறு சாட்சி ஏதாவது உண்டா என்று தொழிலாளர் அதிகாரி கேட்டபோது, எங்கள் சாட்சி சென்னையில் அச்சாகிக்கொண்டிருக்கிறது என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைக்கான பலனைப் பிறகு சொல்கிறேன்.

இதழ் வந்தது. "ஓங்கிய கை" என்று தலைப்பு. புகைப்படம் இல்லை, ஓவியம். முகம் பூங்குழலிதான், மூக்குத்திகூட அவளுடையதுதான். பஸ் இல்லை. பின்னால் இருந்த முப்பது பேரும் இல்லை, அவர்களுக்குப் பதிலாக ஆரஞ்சு வண்ணத்தில் வானம். இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டிருந்த தலைமுடி அவிழ்ந்து மேற்கு நோக்கிப் பறக்கிறது. பஸ்ஸில் அவ்வளவு காற்று வந்திருந்தால் எங்கள் கோரிக்கையில் பாதி குறைந்திருக்கும். டிபன் பை இல்லை. டிபன் பையோடு அது மறைத்திருந்த ஐந்து மாத வயிறும் போய்விட்டது. கம்பி இல்லை. அந்தக் கை வெறும் வானத்தில் ஓங்கியிருக்கிறது. டிரைவரை மெதுவாகப் போகச் சொன்ன வாய், இந்த நாட்டையே வேகமாகப் போகச் சொல்வது போல ஆகிவிட்டது.

"இந்தப் புள்ள எங்கியோ சண்டைக்குப் போறாப்புல இருக்குது. டிபன் பையி எங்க?" என்று கேட்டார் என் கணவர். அவர் படம் பார்க்கிறவர் அல்ல, எடை பார்க்கிறவர். அவருக்கே அது பட்டது.

பெண்களை அட்டையில் போடுவது பற்றி நான் ஒன்றும் தெரியாதவள் அல்ல என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கடைக்கு வராத அட்டை கிடையாது. சங்கிலியை அறுக்கும் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அறுந்த பிறகு அவள் எந்தப் பக்கம் வீட்டுக்குப் போனாள் என்று எந்த இதழும் போட்டதில்லை. கூண்டிலிருந்து பறவையாகப் பறக்கும் பெண் வருடத்துக்கு ஒருமுறை மார்ச் மாதம் வருவாள். கரண்டி, கம்ப்யூட்டர், குழந்தை, துடைப்பம் எல்லாம் ஏந்திய பத்துக் கைப் பெண்ணும் வருவாள். அவள் ரவிக்கையில் கை நுழைய பத்து ஆர்ம்ஹோலை எப்படி வெட்டினார்கள் என்று தொழில்முறையில் நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். இவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை, அந்தப் பெண்கள் யாரும் நிஜத்தில் பஸ் ஏறுகிறவர்கள் அல்ல. பூங்குழலி ஏறுகிறாள்.

பிப்ரவரி 12 அன்று தொழிலாளர் அதிகாரி முன்னால் மறுபடியும் பேச்சுவார்த்தை. அவர் பொறுமைசாலி. கன்னடத்தில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். அட்டையை அவர் மேசையில் வைத்தேன். தலைப்பை வாசித்துச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல பஸ் எங்கம்மா?"

"அழிச்சுட்டாங்க சார்."

"யாரு, கம்பெனியா?"

"இல்லீங்க சார், பத்திரிகைக்காரங்க."

"அவங்க யார் பக்கம்?"

"எங்க பக்கந்தானுங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

அப்போதுதான் படத்திலிருந்த முஷ்டியில் ஒரு சந்து என் கண்ணில் பட்டது. ஐயா, முஷ்டி பிடித்தால் விரல்கள் உள்ளங்கையில் படியும், நடுவில் இடம் இருக்காது. தங்கள் ஓவியர் கம்பியை அழித்தாரே தவிர, கம்பி இருந்த இடத்தை மூட மறந்துவிட்டார். அட்டையில் இருக்கும் முஷ்டிக்கு நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வட்டச் சந்து, அதன் வழியாக ஆரஞ்சு வானம் தெரிகிறது. பையிலிருந்த சிவப்பு அம்பை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். "சார், ஒருக்கா கைய மூடிப் பாருங்க. நடுவுல எதுனாச்சும் நுழையுதுங்களா?" அவர் மூடிப் பார்த்தார். இல்லை என்றார். "இந்தப் படத்துல பாருங்க, வாழைப்பழமே நுழையும். அங்க கம்பி இருந்துச்சுங்க" என்றேன். அதிகாரி அட்டையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மேசைக்குக் கீழே சுசித்ரா மேடமும் கையை மூடித் திறந்து பார்ப்பதைக் கண்டேன். ஆலை வக்கீல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டே, "ஒரு முஷ்டியில சந்து இருக்கறதால பஸ்ஸுல இடம் இல்லன்னு ஆயிடாது சார்" என்றார். ஒரிஜினல் படத்தைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று மார்ச் 25க்கு ஒத்திவைத்தார்கள்.

வெளியே வரும்போது சுசித்ரா மேடம் என்னிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். "எஷ்டு சென்னாகிதே பழனாத்தா! எவ்வளவு அழகா இருக்கா நம்ம பூங்குழலி!" என்றார். கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு துளியும் இல்லை, எனக்குப் பயமாக இருந்ததும் அதனால்தான். மறு வாரம் அந்த அட்டை பெரிதாகி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆலையின் வரவேற்பறையில் தொங்கியது.

அதோடு நிற்கவில்லை. மகளிர் தினத்துக்காக அந்தப் படத்தை அச்சடித்த டி-சர்ட் அறுநூற்று நாற்பது, எங்கள் லைனிலேயே தைத்து, எங்களுக்கே தருவதென்று முடிவானது. செக்கிங் என் மேசை. முதல் துணியிலேயே அம்பு ஒட்டினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னக்கா, ஆல்டரேஷனா?" "முஷ்டில ஓட்ட இருக்குது." "அது டிசைன்க்கா. மேல அப்ரூவ் ஆயிடுச்சு, பாஸ் பண்ணுங்க." எக்ஸ்.எல். அளவில் அந்தச் சந்து இன்னும் பெரிதாகியிருந்தது. அறுநூற்று நாற்பது முறை பாஸ் செய்தேன். குறை தெரிந்தே பாஸ் செய்தது என் வேலையில் அன்று ஒருநாள்தான்.

எட்டாம் தேதி ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து, டி-சர்ட்டைப் போடச்சொல்லி, கையை ஓங்கச்சொல்லிப் படம் எடுத்தார்கள். சுசித்ரா மேடம் மைக்கில் பேசினார். "நம்ம ஹெண்ணுமக்கள் எதையும் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டிய அவசியம் இல்ல. அவங்க சொந்தக் காலுல நிக்கிறாங்க!" கைதட்டினோம். மாலையில் பஸ் ஏறினோம். தொண்ணூற்றொரு பேர் நெஞ்சிலும் கம்பியில்லாத முஷ்டி. அதில் முப்பத்தொன்பது பேருக்குத் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்த கை. பூங்குழலிக்கு டி-சர்ட் வயிற்றுக்குமேல் இழுபட்டு, முஷ்டி பரந்துபோய் இட்லி போல் ஆகியிருந்தது. "அக்கா, என்ற வகுத்து மேல என்ற கையே ஏறி உக்காந்துட்டுது பாருங்க. அதுக்காச்சும் எடம் கெடச்சுதே" என்றாள். நாங்கள் சிரித்தோம்.

பதினொன்றாம் தேதி நாங்கள் சிரிக்கவில்லை. அன்று அவளுக்குக் கம்பி முறை. டிரைவர் பிரேக் போட்டதும் கை நழுவி, முன் இருக்கையின் மூலையில் வயிறு இடித்துவிட்டது. அங்கேயே பஸ்ஸை நிறுத்தி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. டாக்டரம்மா அவளிடம், "இந்தத் தடவை தப்பிச்சுட்டே. இனி நின்னுட்டுப் போகாதே" என்றார். பூங்குழலி சரி என்று தலையாட்டினாள். பிரசவ விடுப்புக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அவரவர் முறையை விட்டுக்கொடுத்து அவளை உட்கார வைத்திருக்கிறோம். நேற்று அவளுக்கு இடம் விட்டு நின்றவளுக்கு ஆறாம் மாதம்.

கவின்ராஜுக்கு மூன்று முறை போன் செய்தேன். "மெமரி கார்டை ஆபீஸ்ல குடுத்துட்டேன்க்கா, ஆசிரியர்தான் தரணும்" என்கிறார். ஆகவே ஐயா, ஒரிஜினல் படத்தைத் தங்கள் கையெழுத்தோடு இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அடுத்த இதழில் உள்பக்கத்தில் எங்காவது சிறிதாக அந்தப் படத்தைப் போட்டாலும் போதும். அதுவும் முடியாதென்றால் ஓவியரிடம் சொல்லுங்கள்: வானத்தைத் தொட வேண்டாம், முடி பறந்துவிட்டுப் போகட்டும். ஒரு ஸ்கேலை வைத்து, அந்தச் சந்து வழியாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே ஒரு கோடு.

சிவப்பு அம்புகள் ஏழு ஒட்டிய அட்டை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓவியருடைய கண்ணும் கையும் நீண்ட நாள் நலமாக இருக்கவும், தங்கள் இதழ் குறையின்றி வந்துகொண்டிருக்கவும், அலுவலகம் வந்துபோகும் பஸ்ஸில் எல்லோருக்கும் சன்னலோர இடம் கிடைக்கவும் மாதேசுவரசாமி துணையிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பழனாத்தாள் ஜடையன்

பின்குறிப்பு, மார்ச் 19: மேலே எழுதிய எதையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். கம்பியையும் வரைய வேண்டாம். இக்கடிதத்தைத் தபாலில் போடச்சொல்லி என் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கடையில் பழைய நோட்டுத் தாள் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார். தேடி எடுப்பதற்குள் விஷயம் வேறாகிவிட்டது. பதினாறாம் தேதி, எங்களிடம் சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். வரவேற்பறையில் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பூங்குழலியை அழைத்துப்போனார்கள். அதே மாதிரி கையை ஓங்கச்சொல்லிப் படம் எடுக்க ஆசைப்பட்டார். அவள் ஓங்கினாள், வயிற்றுக் கனத்தில் தள்ளாடினாள். "கம்பி இல்லாம எனக்கு நிக்க முடியாதுங்க மேடம். வேணும்னா சாயங்காலம் பஸ்ஸுக்கு வரச் சொல்லுங்க" என்றாள். சுசித்ரா மேடம் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அம்மையார் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார். மொழிபெயர்க்க மேடமும் ஏறினார். யாரும் அவர்களுக்கு இடம் விடவில்லை. மரியாதைக் குறைவால் அல்ல, பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அம்மையார் கடைசிவரை படம் எடுக்கவில்லை. இரண்டு கையும் கம்பியில் இருந்தது. கடகோளா வேகத்தடையில், "நிதானா! மெதுவா ஓட்டப்பா!" என்று கத்தியது சுசித்ரா மேடம். மைசூரில் இறங்கியதும் அம்மையார் அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அதை மட்டும் மேடம் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. மறுநாள் காலை, தீபாவளிக்குப் போன அந்த இரண்டாவது பஸ்ஸின் ரிப்பேர் முடிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். கம்பியோடு வரைந்திருந்தால் அந்தப் படத்தை யாரும் சட்டம் போட்டிருக்கமாட்டார்கள், அம்மையாரும் நின்று பார்த்திருக்கமாட்டார். ஆகவே அம்புகளை உரித்துவிட்டேன். பசை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, மன்னிக்கவும். படம் தவறுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதை நான் பாஸ் செய்கிறேன்.

நேற்று மாலை பூங்குழலி சன்னலோரத்தில் உட்கார்ந்தாள். கேட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். கடகோளா வேகத்தடைகூட அவளுக்குத் தெரியவில்லை. மண்டி மொஹல்லாவில் மூன்று முறை தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஐம்பது நிமிடமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்: வாய் மூடியிருந்தது, வலது கை மடியில் மல்லாந்து, விரல்கள் விரிந்து கிடந்தன. இது அட்டைக்கு ஆகாது, தெரியும். கவின்ராஜ் தம்பியை அனுப்ப வேண்டாம்.